மூடி திறக்காத ஆயில் டின்

இன்று காலை புது ஆயில் டின்னின் மூடியைத் திறந்தேன். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம். வெள்ளிக்கிழமை வேறு, கேட்கவா வேண்டும்?

தொண்ணூற்றாறில் திண்டிவனத்தில் நாம் இருவரும் கூட்டாகப் பட்டறை வைத்திருந்தோம். பாண்டிச்சேரி டாக்டர் ஒருவரின் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. கூரையில்லாத, இரண்டே சீட்டு வண்டி. அவருடைய அப்பா ஓட்டியது. எஞ்சின் உடைந்து போயிருந்தது. அதே மாடல் எஞ்சினுக்காக எட்டு மாதம் அலைந்து, மெட்ராஸ் பழைய இரும்புக் கடையில் நீதான் ஒன்றைக் கண்டுபிடித்தாய். செயினில் தூக்கி, குழந்தையைத் தொட்டிலில் போடுவதுபோல் இறக்கினாய்.

அன்றும் வெள்ளிக்கிழமை. எனக்கோ பத்தரைக்கு ராகு காலம் தொடங்குவதற்குள் ஸ்டார்ட் செய்தாக வேண்டும். "உன் ராகுவால ஒரே பேஜாருடா" என்று சிரித்தாய். ஆனாலும் எனக்காக அவசரப்பட்டாய். கடைசி போல்ட்டை முறுக்கிக்கொண்டே, "ஆயில் ஊத்திட்டியாடா?" என்றாய்.

சூடம் ஏற்றிக்கொண்டிருந்த நான், "ஊத்திட்டேன், நீ ஜல்தியா முடி" என்றேன். பூசை முடிந்து ஊற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தவன், மறந்தே போனேன். நீ எஞ்சின் மேல் சிலுவை போட்டாய், நான் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தேன். சாமிக்கு ஒரு குறையும் இல்லை, ஆயில்தான் இல்லை.

டாக்டர் ஓட்டிப் போன வண்டி மயிலம் ரோட்டிலேயே எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. பட்டறைக்கு ஓடி வந்து பார்த்தால், மூடி திறக்காத டின் பெஞ்சுக்கு அடியில் அப்படியே இருக்கிறது. அதன்மேல் சாக்கைப் போட்டு மூடினேன். "யார் பார்த்த வேலை?" என்று டாக்டர் கேட்டபோது, "எஞ்சின் எறக்கனது இவன்தான் சார்" என்று உன்னைக் காட்டினேன். நீ என்னைப் பார்த்தாய். மறுவாரமே ஸ்பானர் பெட்டியோடு விழுப்புரம் போய் இன்னொருவர் பட்டறையில் கூலிக்கு நின்றாய். நான் முதலாளி ஆனேன். எழுதவே கூசுகிறது.

போன மாதம் விழுப்புரம் கல்லறையில் உனக்கு மண் போட வந்தேன். உன் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா அந்தக் காரப் பத்தியே சொல்லிக்கினு இருப்பாரு சித்தப்பா. 'ஆயில் ஊத்தனியான்னு இன்னொரு தடவ கேட்டிருக்கணும், தப்பு என்னுதுதான்'னுவாரு." என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

இப்போதெல்லாம் எஞ்சினை மாட்டியதும் வேலையாட்களை இரண்டு முறை கேட்கிறேன். இன்று காலையும் கேட்டேன். கிழவனுக்கு மறதி என்று அவர்கள் சிரிக்கிறார்கள்.

நீ கேட்ட ஒரு முறைக்கே நான் இன்னும் பதில் சொல்லவில்லை. இல்லடா. ஊத்தல.