வெள்ளத்தாய் கேட்ட கேள்வி

ஸ்ரீவில்லிபுத்தூர்
14-7-1941

கர்த்தருக்குள் அன்பான வெள்ளத்தாய்க்கு, கிருபாபாய் எழுதுவது.

அன்றைக்கு நீ வேதத்தைக் காட்டிக் கேட்டபோது, "இல்லை வெள்ளத்தாய், இது உன்னைத் தள்ளி வைப்பதற்காக எழுதப்பட்டதல்ல" என்று நான் சொல்லவில்லை. "உன் உடம்புக்கு என்ன?" என்றும் கேட்கவில்லை. இரண்டும் வாய்வரை வந்தன. மூன்று வாரமாக அவற்றை விழுங்கிக்கொண்டு இருக்கிறேன்.

எழுத்துகளைப் பெரிதாக, சொற்களைத் தள்ளித் தள்ளி எழுதியிருக்கிறேன். ஒரே நாளில் முடிக்க வேண்டாம். ஆனால் வேறு யாரிடமும் வாசிக்கக் கொடுக்காதே. இது உனக்கு மட்டும்.

இன்று காலை உன் வீட்டுக்காரர் சங்கையா எங்கள் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். நீ தேவதானத்தில் உன் அம்மா வீட்டுக்குப் போய், மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் தனியாகப் படுத்திருக்கிறாய் என்றார். "பிள்ளை பெத்து எட்டு மாசமாச்சு டீச்சரம்மா, இன்னும் தீட்டு நிக்கலை. ஆஸ்பத்திரிக்கு வாட்டின்னா வரமாட்டேங்கா. நான் உக்காந்த எடத்துல அடுத்தவ உக்காந்தா அவளுக்கும் தீட்டு, ரயில்ல எப்படி ஏறன்னு கேக்கா. பிள்ளையத் தொட மாட்டேங்கா. நீங்க குடுத்த வேதத்துல எழுதியிருக்காம்லா" என்றார். சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். படிக்காத ஒரு மில் தொழிலாளி சொல்லிவிட்டதைப் படித்த நான் கேட்கக்கூட இல்லை.

அந்தச் சனிக்கிழமை உனக்கு நினைவிருக்கும். ராஜபாளையம் சபைக் கோயில் வராந்தாவில், எழுத்துக் கூட்டப் படிக்க வந்த நீங்கள் பதினொரு பேர். உபதேசியார் தேவஇரக்கம் ஓரத்தில் நாற்காலி போட்டுக் கிழிந்த பாட்டுப் புத்தகங்களை ஒட்டிக்கொண்டிருந்தார். நீ லேவியராகமம் பதினைந்தாம் அதிகாரத்தில் விரலை வைத்து, "இது நமக்குமா டீச்சரம்மா?" என்றாய். நான் எட்டிப் பார்த்தேன். உதிரம் நிற்காத பெண்ணைப் பற்றிய வசனம். உபதேசியாரின் கை பசையோடு அப்படியே நின்றது. ஏசம்மாள் உடனே, "ஏட்டி, எழுத்துக் கூட்ட ஆரம்பிச்சு ஆறு மாசம் ஆகலை, அதுக்குள்ள பாதிரியாருக்கே பதில் தெரியாததெல்லாம் கேக்கா பாரு!" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வெள்ளத்தாய். "இது கஷ்டமான பகுதி, தாண்டிப் போ" என்று சொல்லிவிட்டு அடுத்தவளை வாசிக்கச் சொன்னேன். நீ தாண்டிப் போகவில்லை. அங்கேயே நின்றுவிட்டாய்.

தப்பு அதற்கும் முன்னாலேயே தொடங்கியது. வேதத்தை எப்படிப் படிக்க வேண்டும் என்று நீங்கள் கேட்ட முதல் நாளில், "முதல் பக்கத்திலிருந்து தினம் ஒரு பக்கம், ஒன்றையும் விடாமல்" என்று சொன்னேன். நான் கதைப் புத்தகங்களை அப்படித்தான் வாசிப்பேன். அலமாரி நிறையப் புத்தகங்கள் வைத்திருக்கிறேன் என்ற கர்வத்தில், இதையும் அப்படியே வாசிக்கலாம் என்று நினைத்துவிட்டேன். நீ ஒரு வரியை வாசித்தால் அதன்படி நடக்கிறவள் என்பதை நினைத்துப் பார்க்கவில்லை.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். யாரிடமும் சொன்னதில்லை. மாதத்தில் அந்த நாட்களில் ஞாயிற்றுக்கிழமை வந்தால், தலைவலி என்று சொல்லி நான் கோயிலுக்குப் போவதில்லை. அந்த நாட்களில் இராப்போஜனத்து அப்பமும் ரசமும் எடுத்ததே இல்லை. என் அம்மா அப்படி இருந்தாள், நானும் இருக்கிறேன். எந்த வசனத்தையும் பார்த்து அப்படிச் செய்யவில்லை. நீயாவது வாசித்துவிட்டுச் செய்தாய். உனக்குப் பதில் சொல்லியிருந்தால் எனக்கும் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். அதனால்தான் சிரித்தேன்.

இப்போது மாற்கு ஐந்தாம் அதிகாரத்தை எடு. அடையாளத்துக்கு இந்தக் கடிதத்தோடு ஒரு துண்டுக் காகிதம் வைத்திருக்கிறேன். அங்கேயும் உன்னைப் போல ஒருத்தி இருக்கிறாள். அவளுக்குப் பன்னிரண்டு வருஷமாக உதிரம் நிற்கவில்லை. நீ வாசித்த அதே சட்டம் அவளுக்கும் தெரியும். தெரிந்தும் கூட்டத்துக்குள் நுழைந்து, பின்னால் போய் இயேசுவின் உடுப்பைத் தொடுகிறாள். அவர் தீட்டு என்றாரா, தள்ளி நில் என்றாரா, நீயே வாசித்துப் பார். அவளை எப்படிக் கூப்பிட்டார் என்பதையும் பார்.

நான் உனக்கு முதலிலேயே சொல்லியிருக்க வேண்டியது இதுதான். ஒரு இடத்தில் முட்டிக்கொண்டால் அங்கே உட்கார்ந்துவிடாதே. யார், யாருக்கு, எப்போது சொன்னது என்று கேள். அதே காரியத்தில் இயேசு என்ன செய்தார் என்று தேடு. பிறகும் புரியாவிட்டால் மறுபடி கேள். நான் சிரித்தால் இரண்டாம் தடவையும் கேள்.

மதுரையில் பெண்கள் ஆஸ்பத்திரியில் என் சிநேகிதி அன்னாள் நர்ஸாக இருக்கிறாள். அவளுக்கும் இன்று எழுதிவிட்டேன். பார்ப்பது பெண் டாக்டர்தான். வியாழக்கிழமை சங்கையா வண்டியோடு வருவார். போகும் வழியில் உன் மாமியார் வீட்டில் இறங்கி, ஆட்டுப்பால் குடித்துக்கொண்டிருக்கும் உன் பிள்ளையைத் தூக்கிக்கொள். ரயிலில் உட்கார்ந்து போ. என்னை மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லை, வண்டியில் மட்டும் ஏறிவிடு.

உனக்காக ஜெபிக்கக் கூசுகிற,
கிருபாபாய்

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
8-9-1941

அன்பான வெள்ளத்தாய்க்கு,

சனிக்கிழமை உன்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் ரயிலுக்கு ஓடிவிட்டேன். சின்ன ஆபரேஷன்தான், இப்போது உதிரம் நின்றுவிட்டது என்று அன்னாள் எழுதியிருந்தாள். ஆனாலும் நீ பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்த பிறகுதான் நம்பினேன்.

நீ மாற்கு ஐந்தை எழுத்துக் கூட்டி, அவர் அவளை "மகளே" என்று கூப்பிட்டது வரை வாசித்து முடித்தாய். பிறகு நான் சொல்லாமலே நிமிர்ந்து, "நம்மள்ல எத்தன பேரு இதுக்காவக் கோயிலுக்கு வராம இருக்கோம்?" என்று கேட்டாய். உபதேசியார் பசைக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். முதலில் கை தூக்கியவள் ஏசம்மாள். "எம்புட்டு வருசமா தலைவலின்னு சொல்லிக்கிட்டுக் கெடக்கேன்!" என்றாள். பிறகு மூன்று பேர். நான் கை தூக்கவில்லை. என் கடிதத்தை வாசித்தவள் நீ ஒருத்திதான், ஆனாலும் நீ என் பக்கம் திரும்பவில்லை.

அதற்கு நன்றி சொல்லத் தெரியாமல்தான் ஓடினேன். ஆண்டவர் உன்னையும் பிள்ளையையும் காப்பாற்றட்டும். அடுத்த சனிக்கிழமையும் கேள்வி கேள்.

நேற்று இங்கே இராப்போஜன ஆராதனை. எனக்கு வீட்டு விலக்கு, இரண்டாம் நாள். போனேன்.

கிருபாபாய்