பாவா போட்ட விமானக் கணக்கு

பாவா,

நேற்று என் மகள் போனை என் முன்னால் நீட்டினாள். இரண்டு ஊர்ப் பெயரைத் தட்டினால் போதுமாம். எத்தனை கிலோமீட்டர், விமானம் எத்தனை மணி நேரம் பறக்கும், ஆளுக்கு எவ்வளவு கார்பன் புகை, எல்லாம் நொடியில் வந்துவிடுகிறது. சிகாகோ, சென்னை என்று தட்டிக் காட்டினாள். "மூடி வைடி அதை" என்று கத்திவிட்டேன். பாவம், அவளுக்கு என்ன தெரியும்?

அம்மா போன அன்று இந்தக் கணக்கைப் போட அக்காவைக் கட்டிய உங்களை விட்டால் எங்களுக்கு யார் இருந்தார்கள்? அம்மாவுக்கு முடியவில்லை என்றதும் அண்ணன் சிகாகோவிலிருந்து கிளம்பிவிட்டான். "ஃபிளைட் ஏறப்போறேன்" என்று போன் செய்ததோடு சரி. விடிந்தபோது அம்மா இல்லை. பொதட்டூர்பேட்டையில் நம் தெருவில் சாவு விழுந்தால், எடுக்கும் வரை ஒரு தறியும் ஓடாது. இருட்டிய பிறகு எடுப்பதும் கிடையாது. "மத்தியானமே எடுத்துடலாம்" என்று பெரியப்பா பிடிவாதமாக நின்றார். அண்ணன் கடைசியாக முகம் பார்க்க வேண்டாமா என்று நானும் அக்காவும் கதறினோம். யார் காதிலும் விழவில்லை.

நீங்கள் உங்கள் பையனுடைய அட்லஸை விரித்தீர்கள். தறியில் ஏற்றியிருந்த லுங்கிப் பாவு நூலில் ஓர் இழையை அறுத்து, சிகாகோவிலிருந்து சென்னை வரை இழுத்துப் பிடித்து, ஸ்கேலில் அளந்து, விமானத்தின் வேகத்தால் வகுத்தீர்கள். "பொழுது சாயறதுக்குள்ள வந்துடுவான் மாமா. வந்துகினே இருக்கான். நான் பொறுப்பு." வீட்டு மாப்பிள்ளை சொல்லை எப்படித் தட்டுவது? காத்திருந்தார்கள்.

ஒவ்வொரு ஆட்டோ சத்தத்துக்கும் வாசலுக்கு ஓடினேன். எதிர்வீட்டுச் சுவரில் வெயில் ஏற ஏற, என் உயிர் என்னிடம் இல்லை. இருட்டியும் விட்டது. அண்ணன் வரவில்லை.

பெரியப்பா பாய்ந்தார். "இன்னா மாப்ள கணக்கு இது? திருத்தணி பஸ்ஸுன்னு நெனச்சிக்கினீங்களா? தெருவே வேலையில்லாம குந்திக்கினு இருக்குது!"

"நடுவுல ஃபிளைட்டு மாறுற நேரத்த சேக்காம உட்டுட்டேன் மாமா" என்று அத்தனை பேர் எதிரில் தலையைக் குனிந்துகொண்டீர்கள். எனக்கும் உங்கள் மேல் ஆத்திரம்தான். திருத்தணியிலிருந்து ஐஸ் பெட்டி வந்தது.

மறுநாள் விடிகாலை அண்ணன் வந்தான். அம்மாவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதான்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு குத்தலாகக் கேட்டேன், "கணக்குல புலியாச்சே நீங்க, எப்படி பாவா அத்த உட்டீங்க?"

சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னீர்கள். "நான் ஒண்ணும் உட்டுடலம்மா. விடிகாலைதான் வருவான்னு அப்பவே தெரியும். அத்த சொல்லியிருந்தா மத்தியானமே எடுத்திருப்பாங்க. இருட்டிட்டா எடுக்க முடியாதுல்ல?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பெரியப்பாகிட்ட சொல்லிடட்டுமா?"

"வாணாம். தெருவே தனக்காக காத்துகினு இருந்துச்சின்னு உங்கண்ணன் நெனச்சிக்கினு இருக்கான். அப்படியே இருக்கட்டும்."

கணக்குத் தெரியாத மாப்பிள்ளை என்று கடைசி வரை உங்களைக் கேலி செய்தார்கள். நீங்களும் சிரித்தபடியே இருந்துவிட்டுப் போய்விட்டீர்கள். அண்ணன் போன் செய்யும்போதெல்லாம், "அன்னிக்கு எனக்காக தெருவே தறிய நிறுத்திட்டு நின்னுச்சே" என்று சொல்கிறான். நாக்கு நுனி வரை உங்கள் பெயர் வருகிறது, பாவா. விழுங்கிவிட்டு, "ஆங், ஆமாண்ணா" என்கிறேன்.