குன்றில் எடுத்த படம்

மார்ச் 8, சனி இரவு

அண்ணை ஒரு பெண்ணின் முகத்தைத் திருடிக்கொண்டு வந்திருக்கிறார்.

போன வாரம் நாங்கள் சுற்றுலா போன லீமாவில் பேராலயத்தையும் அரண்மனையையும் காட்டி முடித்த வழிகாட்டி, எங்கள் பஸ்ஸை ஒரு குன்றின் மேலே கொண்டுபோனான். தகரமும் பலகையுமாக வீடுகள். தண்ணீர் கொண்டுவரும் பவுசர் லொறிக்காகப் பெண்கள் வாளிகளோடு நின்றார்கள். "இங்கே படம் எடுக்கலாம்" என்றான். அண்ணை போனை நீட்டியதும் ஒரு பெண் கையால் முகத்தை மூடினாள். அவள் கையை எடுக்கும்வரை காத்திருந்து எடுத்தார்.

சுற்றுலா முடிந்து இன்று லவாலில், தன் வீட்டில், சாப்பாட்டுக்குப் பிறகு அதை டிவியில் போட்டார்.

"எப்பிடி என்ர படம்?"

அண்ணி கை தட்டினார். அம்மா தட்டவில்லை.

"அகதி முகாமில எங்களையும் இப்பிடித்தான் எடுத்தவங்கள். தண்ணி வரிசையில. நீயும் என்ர சீலையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனி."

"அது வேறயம்மா. அவை செய்திக்கு எடுத்தவை."

"என்னட்டை ஆர் கேட்டவை?"

அண்ணை அடுத்த படத்துக்குப் போனார். அரண்மனைக் காவலர்கள்.

"அதை அழியுங்கோ அண்ணை" என்றேன்.

"பெரிய புரட்சிக்காரி! நீயும் அதே பஸ்ஸிலதானே வந்தனி?"

ஓம், வந்தேன்தான். அதனால் படம் நியாயமாகிவிடாது.

மெட்ரோவில் வீடு திரும்பும்போது பார்த்தேன். குடும்ப வட்ஸ்அப் குழுவிலும் போட்டிருக்கிறார். ரொறன்ரோ மாமி கீழே இதயம் போட்டிருக்கிறார். அதே குழுவில் எழுதினேன்: "அண்ணை, அந்த மனுசியின்ர படத்தை இப்பவே அழியுங்கோ."

அண்ணை, அண்ணி, மாமி எல்லோரும் பார்த்துவிட்டார்கள். படம் இன்னும் அங்கேதான் இருக்கிறது.