குரோஸு சாரின் உச்சி

பிப்ரவரி 6, வியாழன்

நகக்கண்ணில் களிமண், முகத்தில் சிரிப்பு. இரண்டையும் கழுவிவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். இரண்டுமே முழுதாகப் போகவில்லை.

என் புதிய பொம்மை வரிசைக்கு அனுமதி கிடைத்துவிட்டது. பெயர்: 'மன்னிப்புக் கேட்கும் மாமாக்கள்'. கடை வாசல் இயந்திரத்தில் காசு போட்டுத் திருகினால் ஒரு பிளாஸ்டிக் உருண்டை விழும். உள்ளே கட்டைவிரல் உயரத்தில், கோட்டும் டையுமாக, குனிந்தபடி ஒரு மாமா. லேசாகக் குனிபவர், இடுப்பு வரை மடங்குபவர், இனிப்புப் பெட்டியை நீட்டிக்கொண்டு குனிபவர். நான்காமவர்தான் என் செல்லம்: தொலைபேசியில் பேசிக்கொண்டே வெறும் சுவரைப் பார்த்துக் குனிபவர்.

இந்த முறை யோசனையைக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் நானே சொன்னேன். போன வருஷத்து 'தூங்கும் காய்கறிகள்' கதை ஆகிவிடக்கூடாதே. போர்வை போர்த்திய முள்ளங்கியை வரைந்து கொடுத்தவள் நான். எங்கள் பிரிவுத் தலைவர் குரோஸு அதை முதலாளியிடம் கொண்டுபோய், குளிக்கும்போது தனக்குத் தோன்றியது என்றார். நானும் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். முள்ளங்கி சக்கைப்போடு போட்டது. அவரிடமிருந்து ஒரு மன்னிப்பு? இன்றுவரை இல்லை. கேட்டால் குறைந்தா போய்விடுவார்?

பிப்ரவரி 12, புதன்

மாதிரிப் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டும் மிசோகுச்சி இன்று தொழிற்சாலைக்காரரோடு தொலைபேசியில் பேசினார். வண்ணம் தாமதமானதற்கு மன்னிப்புக் கேட்டுக் கேட்டு மேசைமேல் மடங்கினார். அவர் பேசி முடித்த பிறகும் நிமிரவிடாமல் பிடித்துவைத்து, பொம்மையின் முதுகை அவரைப் பார்த்தே வடித்தேன்.

"அந்தாளு எப்பவோ மன்னிச்சுட்டாரு, நீதான் இன்னும் விடமாட்டேங்கிற. கழுத்து புடிச்சுக்கிச்சும்மா," என்றார்.

பிப்ரவரி 14, வெள்ளி

காதலர் தினம். பெண்கள் கொடுத்தே ஆகவேண்டிய வழக்கப்படி, அலுவலக ஆண்களுக்கெல்லாம் கடமைக்கான சாக்லேட் கொடுத்தாயிற்று. குரோஸு சாருக்குப் போனது நசுங்கிய பெட்டி. தற்செயல்தான் — என்று வைத்துக்கொள்வோம்.

பிப்ரவரி 20, வியாழன்

ரகசியப் பொம்மையை முடித்துவிட்டேன். விளம்பரத் தாளில் படம் போடாத ஒன்று ஒவ்வொரு வரிசையிலும் இருக்கும் அல்லவா, அதற்காகத்தான் ஜனங்கள் மறுபடி மறுபடி திருகுகிறார்கள். நம் ரகசியம்: மண்டியிட்டு, உள்ளங்கைகளை ஊன்றி, நெற்றியைத் தரையில் ஒட்டிக் கிடக்கும் மாமா.

முகம் தெரியாது. உச்சந்தலை மட்டும்தான் தெரியும். அதில் என்ன செய்வது என்று யோசிக்கும் முன்பே கை வேலையைத் தொடங்கிவிட்டது.

நான் நின்றுகொண்டு வேலை செய்கிறவள். குரோஸு சார் உட்கார்ந்துகொண்டு திட்டுகிறவர். அவர் உச்சி எனக்கு மனப்பாடம். இரட்டைச் சுழி. ஒன்று இப்படிச் சுற்றும், மற்றது அப்படி. நடுவில் எண்ணெய்க்கும் சீப்புக்கும் அடங்காத ஒரு கொத்து மயிர். வீம்பு பிடித்தவனைச் 'சுழி கோணினவன்' என்கிறோம். ஒரு சுழி கோணினாலே அந்தப் பாடு, இவருக்கு இரண்டு.

மிசோகுச்சி பார்த்தார். பொம்மையைப் பார்த்தார், குரோஸு சாரின் தலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தூரிகையைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

பிப்ரவரி 26, புதன்

குரோஸு சார் மாதிரிகளைப் பார்வையிட்டார். ரகசிய மாமாவைக் கையில் எடுத்துப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

"சுழி பிரமாதம், இகராஷி. இந்த மாதிரி ஒரு ஆள எங்கயோ பாத்திருக்கேனே," என்றார்.

அலுவலகம் முழுவதும் ஒரே இருமல். ஊரே பார்க்கிற தன் உச்சியை அவர் ஒருவர்தான் பார்த்ததில்லை! அனுமதி முத்திரை குத்திவிட்டார்.

மார்ச் 3, திங்கள்

சிரிப்பெல்லாம் வற்றிவிட்டது. முதலாளி பார்த்ததும் பொம்மை அச்சு வார்க்கப் போய்விடும். பிறகு எதையும் மாற்ற முடியாது. ஒரு சுழியை அழித்துவிடு, குரோஸுவுக்குத் தெரிந்தால் களிமண்ணைத் தொடவே விடமாட்டார் என்கிறார் மிசோகுச்சி. பொய் இல்லை. இந்த வேலை போனால் நான் என்ன செய்வேன்? எனக்கு வேறு எதுவும் தெரியாது, வேறு எதுவும் பிடிக்கவும் பிடிக்காது.

கத்தியை எடுத்தேன். வைத்துவிட்டேன். ஆயிரக்கணக்கான குரோஸுக்கள் நாடு முழுக்க மண்டியிடப் போகிறார்கள். ஆனால் எனக்கு வேண்டியது ஒரே ஒரு குரோஸு. லேசாகக் குனிந்தாலே போதும். இது என்ன பெரிய ஆசையா?

மார்ச் 7, வெள்ளி

செத்தேன்.

மதியம் குரோஸு சார் முடிவெட்டப் போனார். வெட்டி முடித்ததும் பின்னால் ஒரு கண்ணாடியைப் பிடித்து, 'சரியா இருக்கா சார்' என்று கேட்பார்களே. எனக்கு எப்படி இது தோன்றாமல் போயிற்று? வழக்கமாக அவர் அங்கே கண்ணை மூடித் தூங்கிவிடுவார் என்கிறார் மிசோகுச்சி. இன்று பார்த்து விழித்திருக்கிறார்.

திரும்பி வந்தவர் நேராக அலமாரிக்குப் போனார். ரகசிய மாமாவை எடுத்தார். ஒரு விரலால் பொம்மையின் உச்சியைத் தடவினார், இன்னொரு கையால் தன் உச்சியை. பொம்மையைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

திட்டியிருந்தாலாவது நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

மார்ச் 10, திங்கள்

முதலாளி முன் கூட்டம். குரோஸு சார் பையிலிருந்து மாமாவை எடுத்து மற்றவர்களோடு வைத்தார். எல்லாமே இகராஷியின் யோசனை என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டு, போன வருஷத்து முள்ளங்கியும் அவளுடையதுதான், அன்று சொன்னது தப்பு என்றார்.

"குளிக்கும்போது தோணுச்சுன்னு சொன்னீங்களே?" என்று கேட்டார் முதலாளி.

"குளிக்கும்போது இவங்க வரஞ்சது ஞாபகம் வந்துச்சுங்க."

வெளியே வந்ததும் என் மேசைக்கு வந்து பொம்மையை வைத்தார். முகம் வழக்கம்போல் கடுகடுவென்றுதான் இருந்தது.

"இடது சுழி தப்பு. இன்னும் கொஞ்சம் தள்ளி இருக்கணும். வீட்டுல கேட்டு உறுதி பண்ணிட்டேன். அளந்து பாத்துக்கோங்க."

என்னிடம் அவர் 'ங்க' போட்டுப் பேசியது இதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டுக் கைகளைக் கால்சட்டைத் தையலோடு ஒட்டி வைத்துக்கொண்டு, என் முன்னால் இடுப்பு வரை மடங்கினார். மிசோகுச்சியின் தூரிகையிலிருந்து வண்ணம் சொட்டிக்கொண்டிருந்தது.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அளவுகோலின் கோடுகள் சரியாகத் தெரியவில்லை. ஆனாலும் குனிந்தபடியே நின்ற அவர் உச்சியை அளந்தேன். அவர் சொன்னது சரிதான், ஓர் அரிசி அளவு தள்ளித்தான் இருக்கிறது.

அளந்து முடித்துவிட்டேன் என்று உடனே சொல்லவில்லை.