வலி உன்னைக் கூப்பிடாத பாடு

நைனா,

இன்று ஆய்வகத்தில் வளர்ப்புக் கிண்ணத்தின் திரவத்தை மாற்றினேன். தண்ணீர் கூடிப்போன ரோஸ்மில்க் நிறம் அதற்கு. உள்ளே எலியின் வலி நரம்புச் செல்கள் உயிரோடிருக்கின்றன. தூண்டினால் அவற்றுக்குள் கால்சியம் பாயும். நாங்கள் ஏற்றிய சாயம் பச்சையாக மின்னும். மார்ஃபின் விட்டால் அந்த மினுக்கம் மங்கும். எத்தனை முறை பார்த்தாலும் அலுப்பதில்லை.

இதைத்தான் அன்று கைபேசியில் உனக்குக் காட்டினேன். ஏரியில் இறால் பிடிக்க ஊர் முறைவைத்துக் கொடுக்கும் நாள், பாடு, உனக்கு நெருங்கிக்கொண்டிருந்தது. புற்று எலும்புவரை போயிருந்தது. வலியில் எங்களைத் திட்டுவதையே நிறுத்தியிருந்தாய். மார்ஃபின் மாத்திரையைத் தொடவும் மறுத்தாய்.

"அதப் போட்டா மயங்கிக் கெடப்பேன். பாடு போயிடும்."

போடாமல் படகில் ஏறவும் முடியாது.

வீடியோவில் பச்சை மங்கியதும் கேட்டாய்: "செத்துப்போச்சா?"

"இல்ல நைனா. கால்சியம் வர்ற வாசலச் சாத்திக்கிச்சு. மருந்தக் கழுவிட்டா மறுபடி மின்னும், பாரு."

மின்னியது. நீ படுக்கையில் சற்று நிமிர்ந்தாய். மருந்து வந்து உட்கார அந்தச் செல்லில் ஓர் இடம் இருக்கிறது, நம் உடம்பே செய்யும் வலிமருந்துக்காக ஏற்பட்ட இடம் அது என்றேன்.

"உடம்பே செய்யுதா? அப்ப மாத்திர எதுக்கு?"

"உனக்கு அது பத்தல."

"அதுவும் உன் சித்தப்பன் மாதிரி சோம்பேறியா?"

"மொதல்ல தூக்கம் வரும் நைனா. இன்னைக்கே ஆரம்பிச்சா பாடு வர்றதுக்குள்ள தெளிஞ்சிடும்னு டாக்டர் சொல்றாரு."

மாத்திரைக்குக் கையை நீட்டினாய்.

பாடு வந்த அன்று நானும் படகில் இருந்தேன். சித்தப்பா வலைக்குக் கழி ஊன்றிக்கொண்டிருந்தார். வலிக்கிறதா என்றேன்.

"கீது. ஆனா என்னக் கூப்பிடல."

உடனே அந்தப் பக்கம் திரும்பினாய். "டேய், அங்கயா ஊனுவே? கண்ணு இன்னா முதுகுலயா கீது?"

சித்தப்பா கழியை விட்டுவிட்டு உன்னையே பார்த்தார். பிறகு, "பாப்பா, அந்த மாத்திரய நிறுத்திடும்மா. இவரு வாயி தாங்கல" என்றார். சொல்லும்போதே அழுதுவிட்டார்.

கால்சியம் எவ்வளவு குறைந்தது என்பதை என் கருவி காட்டிவிடும். கண்ணுக்குத் தெரியாத ஒரு வாசல் சாத்திக்கொண்டதும் ஒரு மனிதனுக்கு வசவு எப்படித் திரும்பி வந்தது என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அதற்குப் பிறகு நீ இருந்தவரை எங்களை ஓயாமல் திட்டினாய். அந்தக் குரல்தான் நைனா, என்னிடம் இருக்கிறது.