சிக்மா என்று எழுதாதவள்

ஏப்ரல் 21, திங்கள்
விடைத்தாள் திருத்தம் தொடங்கியது. துறைத்தலைவர் பூவராகவன் தயாரித்த விடைக்குறிப்பைக் கொடுத்தார்கள். ஆர்க்கியாவில் மரபணுப் படியெடுப்பு எப்படித் தொடங்குகிறது? பத்து மதிப்பெண். அவருடைய விடை: சிக்மா காரணி. அது பாக்டீரியாவுக்கு; ஆர்க்கியா தனி உயிர்க்குலம்! இருபத்தாறு வருட அனுபவமாம்.

ஏப்ரல் 22
ஒரே ஒரு தாளில் சரியான விடை. கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்தது, என் மாணவி பழவேற்காட்டுப் பானு. டி.பி.பி. என்ற புரதம் மரபணுவுக்கு முன்னால் இருக்கும் டாட்டா என்ற பகுதியில் உட்கார்ந்து டி.என்.ஏ.வை வளைக்கிறது, டி.எஃப்.பி. என்ற இன்னொரு புரதம் பக்கத்தில் வந்து பிடித்துக்கொள்கிறது. பிறகுதான் படியெடுக்கும் நொதியான பாலிமரேஸ் வந்து சேர்கிறது. படத்தோடு எழுதியிருக்கிறாள். நான் நடத்திய பாடம்.

பூவராகவன் சாரிடம் காட்டினேன். பஜ்ஜி எண்ணெய்க் கையாலேயே தாளைப் புரட்டினார்.
"ஆர்க்கியாவும் பாக்டீரியா தானேமா. கீ-ல இன்னா இருக்கோ அத்த பாத்துப் போடு."
இதற்குப் பெயர் முனைவர்.

ஏப்ரல் 24
பானுவின் விடைக்குப் பூஜ்யம் போட்டேன். ஜூனில் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க அவர் பரிந்துரை வேண்டும். அவரைத் திட்ட எனக்கு இன்னா யோக்கியதை இருக்கு? ச்சே.

மே 19
பானு ஃபெயில். மூன்று மதிப்பெண் குறைவு. ஆசிரியர் அறைக்கு வந்தாள்.
"நீங்க சொல்லிக் குடுத்ததத்தான் எழுதினேன் மேம். தப்பா? எம்.எஸ்சி. சீட்டு போய்டும்."
தப்பில்லை என்றேன். பூஜ்யம் போட்டது நான்தான் என்பதை மட்டும் சொல்லவில்லை.

மே 20
அவளை மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்க வைத்தேன். தேர்வு அலுவலகத்துக்கு நானும் ஒரு கடிதம் கொடுத்தேன்: விடைக்குறிப்பு தவறு, அது தெரிந்தே பூஜ்யம் போட்டது நான். பாடநூல் பக்கங்களையும் இணைத்தேன்.  

மே 27
பூவராகவன் கூப்பிட்டார். "எதுக்குமா இந்த பேஜாரு? என்னாண்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."
சொன்னேனே சார், தாளையே காட்டினேனே என்றேன்.
"ஞாபகம் இல்லியே."
மறப்பதில் மட்டும் அந்த மூளைக்கு ஒரு குறையும் இல்லை.

ஜூன் 10
ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை.

ஜூலை 7
தேர்வாய் கண்டிகையில் ஓர் உணவுத் தொழிற்சாலையின் ஆய்வகம். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வாரம். மதிய இடைவேளையில் பானு போன் செய்தாள். பாஸ். சீட்டும் கிடைத்துவிட்டது.
"சாரே தப்ப கண்டுபுடிச்சி மார்க் போட வச்சாருன்னு எல்லாருக்கும் சொல்லிக்கினு இருக்காரு மேம்."
சொல்லாவிட்டால்தான் ஆச்சரியம்.
"முதல்ல பூஜ்யம் போட்டது யாருன்னுதான் தெர்ல."
"நான்தான் பானு."
 அந்தப் பக்கம் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.
"சாப்டீங்களா மேம்?" என்று கேட்டாள்.