பேனாவின் கழுத்துக்கு ஒரு மரப்பிடி

ஜூன் 3, செவ்வாய்

"சார், நீங்க போடுற கணக்குல தப்பு கண்டுபிடிச்சா எங்களுக்கு மார்க் உண்டா?" என்று முன்பு வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். உண்டு என்றேன். அன்றிலிருந்து நான் கரும்பலகைப் பக்கம் திரும்பினாலே வகுப்பு மூச்சைப் பிடித்துக்கொள்ளும். இன்று ஒரு பேனாவோடு மல்லுக்கட்டும்போது அது ஏனோ ஞாபகம் வந்தது.

பேனா என் மனைவியுடையது. கழுத்தைத் திருகிக் கழற்றித்தான் மை ஊற்ற வேண்டும். மணிக்கட்டு முறிந்து அவள் எழுதாமல் இருந்த மாதங்களில் மை கழுத்தின் திருகு மரைகளில் காய்ந்து இறுகிவிட்டது. பால்பாயிண்டை அழுத்தி எழுத அவள் கையில் இன்னும் வலு இல்லை. இந்தப் பேனா தொட்டாலே எழுதும்.

வார இதழுக்கு அவள் குறுக்கெழுத்துப் புதிர் தர வேண்டிய நாள் 13. "முடியலைன்னா சொல்லுங்கம்மா, வேற ஒருத்தர் தயாரா இருக்கார்" என்று ஆசிரியர் தன்மையாகத்தான் சொன்னாராம். அந்தத் தன்மைதான் அவளைச் சுட்டிருக்கிறது. நீ சொல், நான் எழுதுகிறேன் என்றேன்.

"எனக்கு யோசனையே கையிலதாங்க வருது."

ஜூன் 5, வியாழன்

வெந்நீர், ரப்பர் துணி — எதற்கும் அசையவில்லை. குழாய் வேலை செய்யும் மைத்துனன் வந்தான்.

"அத்தான், ரெஞ்சு வண்டியிலதான் இருக்கு. ஒரே திருப்பு."

"நீ திருப்பினா பேனா ரெண்டாயிடும்டா" என்றாள் அவன் அக்கா.

"ரெண்டாகணும்னுதானே அத்தானும் மூணு நாளா உக்காந்திருக்கார்?"

இரும்பு கடித்தால் பேனா நொறுங்கும். மரம் கடிக்காது, பிடிக்கும். உடைந்த நாற்காலியின் காலை அறுக்கப் போகிறேன்.

ஜூன் 8, ஞாயிறு

இரண்டு துண்டுகளை இடைவெளி இல்லாமல் சேர்த்துக் கட்டி, சேரும் கோட்டின் மேல் பேனாவின் பருமனுக்குத் துளை போட்டேன். உடம்புக்கு ஒரு ஜோடி, கழுத்துக்கு ஒரு ஜோடி. அவ்வளவு அழகாக வந்தது.

பிடித்துத் திருகினால் பேனா உள்ளே வழுக்கிக்கொண்டு சுற்றுகிறது. இன்னும் அழுத்தினேன். என் கட்டைவிரல் தோல் போனதுதான் மிச்சம். என்னத்தைப் படிச்சேன், என்னத்தைச் சொல்லிக்கொடுத்தேன்?

"விடுங்க. அந்த வேற ஒருத்தரே போடட்டும்" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஜூன் 9, திங்கள்

காலையில் தேநீர் ஆறிக்கொண்டிருக்க, கட்டைகளை இடது கையில் உருட்டிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டும் ஒண்ணையொண்ணு முட்டிக்கிட்டு நிக்குதுங்க. அப்புறம் பேனாவை எங்க பிடிக்கும்?"

கட்டைகளை வாங்கிப் பார்த்தேன். பெல்ட்டின் கடைசித் துளைக்கு வந்த பிறகு இடுப்பு இன்னும் இளைத்தால் கால்சட்டை நிற்குமா? இறுக்குவதற்கு மிச்சம் வேண்டாமா? எத்தனை வகுப்பில் சொல்லியிருப்பேன்!

நாற்காலிக்கு இன்னும் மூன்று கால் இருக்கிறது. இந்த முறை துண்டுகளுக்கு நடுவே தீப்பெட்டி அட்டையை வைத்துத் துளை போட்டேன். பிறகு அட்டையை உருவிவிட்டேன்; அந்த இடைவெளிதான் இறுக்குவதற்கு மிச்சம்.

ஜூன் 10, செவ்வாய்

கழன்றது!

கடுக்கென்று ஒரு சத்தம். உடைந்துவிட்டதென்று இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். இல்லை, மரைதான் அசைந்திருக்கிறது. ஒரு கீறல் இல்லை. அவளே கழுவி, அவளே மை ஊற்றினாள். கொஞ்சம் சிந்தி மேசையெல்லாம் நீலம். துடைக்க மனம் வரவில்லை.

மைத்துனன் கட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அத்தான், எனக்குப் பெருசா ஒரு ஜோடி. பளபளப்புக் குழாயில கீறல் விழுதுன்னு வீட்டுக்கு வீடு திட்டு வாங்குறேன்."

"ரெஞ்சு?"

"அது வண்டியிலயே தூங்கட்டும்."

வகுப்பில் வந்த அந்தக் கேள்வியை இவளிடம் சொன்னேன். உடனே கையை நீட்டினாள்: "தப்பைக் கண்டுபிடிச்சது நான். மார்க்கைப் போடுங்க."

முழு மார்க்.

ஜூன் 13, வெள்ளி

புதிர் காலையிலேயே போய்விட்டது. மத்தியானம் அடுத்த வாரத்துக்குக் கட்டம் போட்டுக்கொண்டிருந்தவள் நிமிராமலே சொன்னாள்: "மை தீந்துபோச்சுங்க. ரெண்டு புட்டியா வாங்கிட்டு வாங்க."

கடைக்குக் கிளம்புமுன், மைத்துனனுக்குச் செய்த பெரிய கட்டைகளோடு தர, அடுத்த ஜோடியை அவனே செய்துகொள்ள ஒரு வரி எழுதினேன்: துளையிடும்போது நடுவே ஓர் அட்டையை வை; பிறகு அதை எடுத்துவிட்டு இறுக்கிப் பார்.